சித்தியின் குரலைச் சுருக்க மாட்டேன்

சங்கரா,

“எம்மா, அந்த சிடி வேலைய இன்னும் நீ விடலையா? எல்லாப் பாட்டும் போன்லயே கிடைக்குது. சும்மா கண்ணக் கெடுத்துக்காத” என்று நேற்று நீ அனுப்பிய செய்திக்கு, “சரிலே” என்று மட்டும் பதில் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு அம்மா விட்டுவிட்டாள் என்று நீ நினைத்திருப்பாய். நான் விடவில்லை. விடப்போவதும் இல்லை. அதைப் போனில் ஒரு வரியாகத் தட்டிச் சொன்னால் சண்டை மாதிரி ஆகிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் நீயும் நித்யாவும் ஜெர்மனிக்குக் குடித்தனம் போகிறீர்கள். எதை எடுத்துப் போவது, எதை விட்டுவிடுவது என்று நீங்கள் சாமான் பிரித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இதைப் படிப்பது நல்லதுதான்.

தீபாவளிக்கு மேலகரம் வந்திருந்தபோது நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹாலில் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற சிடி அலமாரியைப் பார்த்துவிட்டு, “எம்மா, இது அவ்வளவையும் ஒரு பென்டிரைவ்ல அடக்கித் தாரேன் பாரு” என்றாய். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, பட்சணம் தின்றுகொண்டே, ஒவ்வொரு சிடித் தட்டாகப் போட்டுப் போட்டு எடுத்தாய். சம்பளம் வந்ததும் நான் ஓடிப்போய் வாங்கிய நாகஸ்வரம், வீணை, பழைய சினிமாப் பாட்டு எல்லாம், கூடவே உன் கோமதி சித்தி மேடையில் பாடிய கச்சேரிகளும், கட்டைவிரல் அளவு சாமானுக்குள் போய்விட்டன. எனக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான். நீ காரில் ஏறும்போது அப்பாவிடம், “இனி இந்த அலமாரி எதுக்குப்பா, இடத்த அடைச்சிக்கிட்டு” என்று சொன்னதை நான் அடுக்களையில் இருந்ததால் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் வீரகேரளம்புதூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் வந்தேன். அலமாரி துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. அதில் அப்பா தன்னுடைய மருந்து டப்பாவையும் பேப்பரையும் அழகாக அடுக்கி வைத்திருந்தார்.

“எங்கங்க சிடியெல்லாம்?”

“பழைய சாமான்காரன் வந்தாம்லா, குடுத்துட்டேன். பய சொல்லிட்டுத்தான போனான், எல்லாம் ஏத்தியாச்சு, இனி இது குப்பைன்னு.”

“கோமதி பாடினதையுமா?”

 அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார். ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஏறு” என்றார். அவ்வளவுதான். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையோடுதான் நான் பின்னால் ஏறினேன்.

குத்துக்கல்வலசையில் புது வீடுகளுக்கு நடுவே தகரம் அடைத்த ஒரு பழைய சாமான் கிட்டங்கி இருக்கிறது, நீ பார்த்திருக்க மாட்டாய். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். “அம்மா, தட்டு வேற, டப்பா வேறன்னு பிரிச்சாச்சே. டப்பாவும் அட்டையும் காலைலயே லோடு போயிட்டு. தட்டு மட்டும் அங்கன சாக்குல கெடக்கு” என்றார். அது என்னுடைய சிடிகள் மட்டும் இருந்த சாக்கு இல்லை. எந்தக் கல்யாண ஸ்டூடியோவில் இருந்தோ வந்த வீடியோ தட்டுகள், கம்ப்யூட்டர் சென்டர் தட்டுகள், எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன. நான் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். “நாளைக்கு எடுத்து வைக்கச் சொல்லுதேன், நீங்க போங்கம்மா” என்று அவர் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. அப்பா முதலில் சும்மா நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் குனிந்தார். அவருக்குப் படிக்கிற கண்ணாடி இல்லை, ஒவ்வொரு தட்டாக எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, “இதா? இதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கோபம் இருந்தது எனக்கு. ஆனால் அவர் நீட்டிய ஒரு தட்டில் நீலப் பேனாவால் ‘கோமதி, குற்றாலம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த எழுத்து அரைகுறையாக அழிந்திருந்தது. அதை என் முந்தானையில் பொதிந்துகொண்டேன். இருட்டுவதற்குள் மற்றத் தட்டுகளையும் பொறுக்கி எடுத்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, அந்தக் குற்றாலத் தட்டைக் கழுவித் துடைத்து, பழைய பிளேயரில் போட்டதுதான். பிறகு அதே ஸ்பீக்கரில் உன் பென்டிரைவைச் சொருகி, அதே பாட்டைப் போட்டேன். அப்பாவும் பக்கத்தில் இருந்தார். நான் எதுவும் சொல்லும் முன்னால் அவரே, “ஏட்டி, என்ன இது, வாய் கொப்பளிக்கிற மாதிரி கேக்கு?” என்றார்.

என்ன நடந்திருக்கிறது என்று பிற்பாடுதான் படித்துப் புரிந்துகொண்டேன். அந்தக் கச்சேரி சீசன் சமயத்தில், அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது. மேடை அருவிக்குப் பக்கத்தில். சவுண்டு செட்காரர் மைக்கிலிருந்து நேரே கம்ப்யூட்டரில் பதிவு செய்து, சிடியில் ஏற்றிக் கொடுத்த தட்டு. அதனால் பாட்டு முழுக்க, பின்னால் அருவி இரைந்துகொண்டே இருக்கும். நீ சுருக்கி எடுத்த சின்ன எம்பி3க்கு அந்த இரைச்சல்தான் பெரிய சோதனையாம். ஒரு வீணைத் தந்தி ஒலித்தால் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு, சுருக்கலாம். அருவிக்கு ஒழுங்கு கிடையாது, ஒவ்வொரு கணமும் வேறு வேறு சத்தம். கொடுத்த இடத்துக்குள் அடக்க முடியாமல் எம்பி3 கண்டதையும் வெட்டித் தள்ளியிருக்கிறது. வெட்டும்போது அருவியோடு சேர்ந்து கோமதியின் குரலும் போயிருக்கிறது.

உனக்குக் கோமதி சித்தியின் இப்போதைய குரல்தான் தெரியும். செங்கோட்டையில் அவர்களுடைய மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் கவுண்டரில் சாய்ந்து காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நீ சின்ன வகுப்புப் படித்த காலத்தில் அவள் கழுத்தில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு வந்ததைத் தடுக்க வேறு வழியில்லை. குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்று முன்னாலேயே சொல்லித்தான் செய்தார்கள். அப்படியே ஆனது. அதன் பிறகு அவள் பாடவில்லை. தன் பழைய பாட்டை அவள் கேட்கவும் மாட்டாள். நான் போட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அவளிடம் ஒரு தட்டுகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் என் அலமாரியில்தான்.

இதையெல்லாம் அன்றைக்கே போனில் உன்னிடம் சொன்னேன். நீ வருத்தப்பட்டாய், நிஜமாகவே வருத்தப்பட்டாய். ஆனால் உடனே உன் இன்ஜினியர் புத்தி வந்துவிட்டது. “எம்மா, நான் ரொம்பச் சின்னதா எடுத்தது தப்புதான். பெரிய எம்பி3யா எடுத்தாப் போதும். அதுக்கு மேல எந்தக் காதுக்கும் வித்தியாசம் தெரியாது. வேணும்னா சோதிச்சுப் பாப்போமா?” என்றாய். ஒரே பாட்டைப் பெரிய எம்பி3யாகவும், எதையும் வெட்டாத ஃப்ளாக்காகவும் என்னிடமே எடுக்கச் சொல்லி வாங்கி, பெயரை மறைத்துத் திருப்பி அனுப்பினாய். நல்ல ஹெட்போன் வைத்துக்கொண்டு, ஜன்னலை அடைத்துவிட்டு, மாற்றி மாற்றிக் கேட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை சரியாகச் சொன்னேன், அடுத்த தடவை தப்பாகச் சொன்னேன். கடைசியில் குருட்டாம்போக்கில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஒரு வார்த்தைகூடக் கேலி பண்ணவில்லை. ஆனால், “பாத்தியா” என்றாய்.

அந்தப் ‘பாத்தியா’ என்னை இரண்டு நாள் குடைந்தது. தென்காசியில் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் எதுவுமே வரவில்லை, மெஷின் பழுதோ என்று நினைத்தேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது. உச்சத்தில் இருக்கிற சத்தங்கள் எனக்குக் கேட்கவே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போர்டில் உட்கார்ந்து காதில் இயர்போனோடு வேலை பார்த்தவள்; வயதும் ஆகிறது. “பேச்சு நல்லா கேக்கும், பயப்படாதீங்க” என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அப்பா மெதுவாக, “அப்ப பய சொல்லுதது சரிதான?” என்று கேட்டார்.

“இல்லங்க, இப்பதான் தப்புன்னு தெரியுது” என்றேன்.

சங்கரா, இதை நீ கவனமாகப் படி. என் காதுக்குக் கேட்கவில்லை என்றால், எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்ய என் காதுக்கு உரிமை இல்லை என்றுதான் அர்த்தம். எக்ஸ்சேஞ்சில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. டெலிபோன் லைன், மனிதர் குரலில் அடியையும் உச்சியையும் வெட்டிவிட்டு நடுவை மட்டும்தான் அனுப்பும். சேதி சொல்ல அது போதும். ஆனால் லைனில் மாதக்கணக்காகப் பேசிப் பழகின ஒரு மதுரை ஆபரேட்டரை நேரில் பார்த்தபோது, அவள் வாயைத் திறந்ததும் நான் ஆடிப்போய்விட்டேன். அவ்வளவு கனமான குரல் அவளுக்கு. அத்தனை மாதமும் பாதிக் குரலை முழுக்குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதியை மட்டும் கேட்டவளுக்கு அது பாதி என்று எப்படித் தெரியும்?

அதனால் பாட்டைச் சேமிக்கிற முறைகள் எல்லாவற்றையும் படித்தேன். எம்பி3, ஏஏசி, வேவ், ஃப்ளாக் என்று நீ சொன்னது, நீ சொல்லாதது எல்லாம். உன் நித்யாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லுகிறேன். பெட்டிக்குள் புடவை அடங்கவில்லை என்றால், உள்ளே சொருகுகிற பகுதியை வெட்டிவிட்டு வைப்பது எம்பி3. கட்டினால் வெளியே தெரியாது என்பது அதன் வாதம். ஏஏசியும் வெட்டுவதுதான், கொஞ்சம் கைதேர்ந்த கத்தரிக்கோல். வேவ் என்பது புடவையை மடிக்காமல் கட்டில் முழுக்க விரித்துப் போட்டிருப்பது. ஒன்றும் குறையாது, ஆனால் இடத்தை அடைக்கும். யார் பாடினது, என்ன ராகம் என்று எழுதி ஒட்டினாலும் அதில் சரியாக ஒட்டாது. ஃப்ளாக், நன்றாக இறுக்கி மடித்து வைப்பது. இடம் குறையும். விரித்தால் ஒரு இழைகூடக் குறைந்திருக்காது. பெயர்ச்சீட்டும் கூடவே இருக்கும். ஃப்ளாக்கிலிருந்து உன் போனுக்கு, காருக்கு எத்தனை எம்பி3 வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எம்பி3யை எத்தனை பெரிதாக்கினாலும், வெட்டிப் போட்ட துணி திரும்பி வராது. இதற்கு மேல் எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. ஃப்ளாக் என்று முடிவு செய்தேன்.

செய்வதுதான் பாடாக இருந்தது. கம்ப்யூட்டருக்கு வெளியே மாட்டுகிற நல்ல சிடி டிரைவ் ஒன்றை வாங்கினேன். அவசரத்தில் முதலில் எடுத்ததெல்லாம் வீணாய்ப் போனது. வேகமாகப் படிக்கிற முறையில் விட்டுவிட்டேன். சாக்கில் உரசின கீறல் இருந்த இடத்திலெல்லாம் டிக் டிக் என்று சத்தம். அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது வைத்திருக்கிற முறையில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு இடத்தையும் திரும்பத் திரும்பப் படித்து, ஒரே மாதிரி வந்தால்தான் ஏற்றுக்கொள்கிறது. சாரல் ஈரத்தில் பூத்துப்போயிருந்த தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், சுற்றித் துடைக்கக் கூடாது. அந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் பேப்பர் படித்து முடித்ததும், ஒரு பனியன் துணியோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார். 

குற்றாலத் தட்டை மட்டும் என் டிரைவ் ஏற்க மறுத்துவிட்டது. பிளேயரில் பாடுகிறது, கம்ப்யூட்டரில் போட்டால் திணறித் துப்பிவிடுகிறது. வேறு வேறு டிரைவில் போட்டுப் பார்த்தால் ஒன்றில் இல்லாவிட்டால் ஒன்றில் படிக்கும் என்று ஓரிடத்தில் படித்தேன். தெரிந்தவர், தெரியாதவர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை எல்லாம் விசாரித்தேன். பக்கத்துத் தெரு டைப்ரைட்டிங் சென்டரில் மூலையில் கிடந்த ஒன்றைத் தூசி தட்டிப் போட்டால், அது அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டது. காலையில் போட்டது, சாயங்காலம் வரைக்கும் முனகி முனகிப் படித்தது. கடைசிப் பாட்டும் பிழையில்லாமல் வந்து விழுந்தபோது, நான் அந்த சென்டர் பெண்ணைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

அடுத்த சிக்கல் பெயர். அட்டைகள் எல்லாம் லோடு ஏறிப்போனதால், எந்தப் பாட்டு எது என்று பாதிக்கு மேல் தெரியாது. கோமதியின் கச்சேரிகளில் என்ன பாடினாள் என்று கோமதிக்குத்தான் தெரியும். கூப்பிட்டேன்.

“எக்கா, என்ன விட்டுரு” என்றாள்.

“நீ ரசிக்க வேண்டாம். ராகம் மட்டும் சொல்லு, நான் எழுதிக்கிடுதேன்” என்றேன்.

கடைக்கு லீவு விட்ட மதியம் வந்தாள். கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை, எந்த நேரமும் எழுந்து போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். முதலில் கணக்குப் பிள்ளை மாதிரிதான் சொன்னாள்: மோகனம், காம்போதி, இது அடாணா, அடுத்தது போடு. குற்றாலக் கச்சேரி வந்தது. அருவி இரைச்சல் அறை முழுக்க நிறைந்தது. அதற்கு மேலே அவள் குரல் ஏறியது. கோமதி பையைக் கீழே வைத்தாள்.

“நிறுத்து” என்றாள். பயந்துபோய் நிறுத்தினேன். “கொஞ்சம் பின்னால போ. அந்தச் சங்கதி முடியுத இடம். அங்கன யாரோ பேசுதாங்க.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டாள், இன்னொரு தடவை கேட்டாள். அவளுக்கு மிருதங்கம் வாசித்த அண்ணாச்சியை உனக்கு நினைவிருக்காது. ஊரில் பெரிய வித்துவான், போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவர் இவளை ஒரு நாளும் ஒரு வார்த்தை பாராட்டினதில்லை. தன் பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் இவள் கடைசிவரை நினைத்திருந்தாள். மிருதங்கத்துக்கு முன்னால் இருந்த மைக்கில் அவர் குரல் விழுந்திருக்கிறது. மேடையில் அருவிச் சத்தத்தில் இவளுக்குக் கேட்டிருக்காது.

“‘நல்லாருக்கு தாயி’ன்னு சொல்லுதாருக்கா” என்றாள் கோமதி.

உன் எம்பி3யிலும் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “இதுல அவரும் இல்ல, நானும் இல்ல” என்றாள். பிறகு நல்ல பிரதியை முழுக்கக் கேட்டாள். ஒரு இடத்தில் சிரித்து, “இங்கன மூச்ச விட்டிருக்கக் கூடாது, அவசரப்பட்டுட்டேன்” என்றாள். கிளம்பும்போது வாசலில் நின்று, “எக்கா, இத ஒரே இடத்துல வைக்காத” என்று மட்டும் சொன்னாள்.

அண்ணாச்சி சொன்ன அந்த வார்த்தையை நான் கேட்கவே இல்லை, சங்கரா. இன்றைக்கும் எனக்கு அங்கே அருவிதான் கேட்கிறது. நான் தள்ளியிருந்தால், எதைத் தள்ளினேன் என்றுகூடத் தெரியாமல் தள்ளியிருப்பேன். உனக்கும் இதைத்தான் சொல்ல நினைத்தேன். புது ஊர், சின்ன வீடு, குறைத்துத்தான் வாழ வேண்டியிருக்கும். குறை. ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவானதை நீ ஒருவனாக முடிவு செய்து குறைக்காதே. நித்யாவைக் கேள். உனக்குக் கேட்காத ஒன்று அவளுக்குக் கேட்கலாம். அவள் “அது வேணும்” என்று சொன்னால், எதற்கு என்று நிரூபிக்கச் சொல்லாதே. சில நேரம் அவளாலும் உடனே சொல்ல முடியாது. நீ ஒன்றைத் தப்பாகத் தள்ளிவிட்டாய் என்று தெரிந்தால், உன் அப்பா மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பு. விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதே.

இன்னும் பாதித் தட்டுகள் பாக்கி. நீ கிளம்புவதற்குள் முடித்துவிடுவேன். மூன்று ஹார்டு டிஸ்க்: ஒன்று இங்கே, ஒன்று செங்கோட்டையில் கோமதியிடம், ஒன்று உன் பெட்டியில். எடை கூடுகிறது என்று நீ முகம் சுளித்தாலும் அது உன் பெட்டியில்தான் போகும். அதிலிருந்து உன் போனுக்கு எத்தனை சின்னதாக வேண்டுமானாலும் எடுத்துக்கொள். மூலத்தின் மேல் மட்டும் கை வைக்காதே.

போன வாரம் கோமதி தானாகவே வந்தாள், நான் கூப்பிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்து, “எக்கா, மைக் ஏதும் வச்சிருக்கியா? இப்ப இருக்குத குரலையும் எடுத்து வையி. கட்டக் குரல்தான். இருந்தாலும் சுருக்காம எடு” என்றாள். உனக்கும் நித்யாவுக்கும் வாழ்த்துச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். பேசவில்லை. பாடினாள். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. ஒரு இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. நடுவில் நிறுத்தி, “இத அழிச்சிராத, இப்படியே இருக்கட்டும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அதுவும் பதிவாகியிருக்கிறது. உன் டிஸ்கைத் திறந்தால் முதலில் அதுதான் இருக்கும். போன் ஸ்பீக்கரில் போடாதே. அங்கே போய் ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கி, நித்யாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முழுக்கக் கேள்.

அம்மா